அம்மி வந்து சேர்ந்தது, மெத்தை விழுந்தது



சென்ற இதழில் கேஸ் அடுப்பைக் கையாளும் முறையைப் பற்றிப் பேசினோம். இம்முறை சமையலறையை விட்டு வாசலுக்கு வருவோம். அங்கே சுவரோரம் நிற்கிறதே மோட்டார் சைக்கிள், அதைப் பற்றித்தான் பேச்சு. அதை ஓட்டுவது எப்படி என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது என்னை விட நன்றாகத் தெரியும். அதன் மேல் நாம் ஏற்றும் சாமான்களைப் பற்றிச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் யோங் பெங் பட்டணத்துக் கடைத்தெருவில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒருவர் இரண்டு மூட்டை அரிசியோடு போவார். அவர் பின்னாலேயே ஒருவர் கேஸ் தோம்போடு போவார். கோழித்தீவன மூட்டை, பிளாஸ்டிக் நாற்காலி, தகரம், தண்ணீர்க் குழாய், பிள்ளைக்கு வாங்கிய சைக்கிள், எல்லாமே கப்சாயின் முதுகில்தான் போகும். கம்பெனிக்காரன் இருவர் உட்கார்ந்து போகச் செய்த வண்டி. தோட்டத்துக் குடும்பத்துக்கு அதுவே இரண்டு சக்கர லோரி.

இதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஏனென்றால் எங்கள் வீடே ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிளில்தான் குடிபெயர்ந்தது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

1984ஆம் ஆண்டு. அப்பாவுக்கு வேலை ஓய்வு கொடுத்துவிட்டார்கள். வேலை முடிந்தால் லயத்து வீடும் முடிந்தது. யோங் பெங் பட்டணத்து ஓரத்தில் ஒரு பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். தோட்டத்திலிருந்து ஏழு கட்டைத் தொலைவு. முதல் இரண்டு கட்டை செம்மண் ரோடு, மீதி பெரிய ரோடு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது 1994இல்தான். அதனால் அந்த நாளில் ஜொகூர் பாருவுக்கும் கோலாலம்பூருக்கும் ஓடும் லோரி, பஸ் எல்லாம் யோங் பெங்கைத் தொட்டுத்தான் போகும்.

சாமான்களை ஏற்றிப் போக லோரிக்காரர் முப்பது வெள்ளி கேட்டார்.

“முப்பது வெள்ளியா? ஒரு மாசத்து அரிசிக் காசு! நம்ம வண்டி சும்மாதானே நிக்குது?” என்றார் அப்பா.

தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது. பக்கத்துத் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. அப்பாவுக்கு வேலை போன பிறகு அவன் சம்பளம்தான் வீட்டுக்கு அடுப்பு. மூன்று நாள் மாலை நேரத்தில் அவனுடைய பழைய ஹோண்டாவில் பதினேழு நடை அடித்தான். பானை சட்டி, துணி மூட்டை, சாமி படம், தையல் இயந்திரத்தின் தலை, கோழிக்கூண்டு, எல்லாம் போய்ச் சேர்ந்தன.

கடைசியில் இரண்டு பொருள் மிச்சம். ஒன்று அம்மி, மற்றொன்று மெத்தை.

“அம்மியை இங்கேயே விட்டுடலாம்மா. கல்லைத் தூக்கிட்டுப் போயி வண்டி கவுந்தா யாரு பதில் சொல்றது?” என்று நான் கேட்டேன்.

“அது எங்கம்மா கொடுத்த கல்லு. அம்மி இல்லாம புது வீட்டுல எப்படி அடுப்பு மூட்டுறது?” என்று அம்மா பிடிவாதமாக இருந்தார்.

அம்மியும் குழவியும் சேர்ந்து முப்பது கிலோ இருக்கும். தம்பி அதைச் சாக்கில் சுற்றி, பின் சீட்டின் மேல் தன் முதுகோடு ஒட்டிப் படுக்க வைத்து, கயிற்றால் இறுக்கினான். மெதுவாக ஓட்டிப் போனான். ஒரு கீறல் கூட இல்லாமல் அம்மி வந்து சேர்ந்தது.

அடுத்த நடை மெத்தை. இலவம்பஞ்சு மெத்தை, எடையில் அம்மியின் பாதிதான் இருக்கும். “இது என்ன, பஞ்சுதானே!” என்று சிரித்துக்கொண்டே இரண்டாக மடித்து, பின்னால் சுவர் மாதிரி நிமிர்த்திக் கட்டினான். பக்கத்துக்கு ஓரடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. செம்மண் ரோட்டில் ஒன்றும் ஆகவில்லை. பெரிய ரோட்டில் ஏறி அரை கட்டை போயிருப்பான். பின்னால் வந்த லோரி அவனை முந்தியது. லோரி அவனைத் தொடவே இல்லை. அதன் காற்றுதான் தொட்டது. முதலில் மெத்தையை ஓரத்துக்குத் தள்ளியது, உடனே நடு ரோட்டுப் பக்கம் இழுத்தது. வண்டி சாய்ந்தது. தம்பி கையை ஊன்றி விழுந்தான்.

தலையில் ஹெல்மெட் இருந்தது. 1973இலிருந்தே நம் நாட்டில் அது கட்டாயம். ஹெல்மெட் கீறியது, தலை தப்பியது. ஆனால் வலது மணிக்கட்டு முறிந்தது. பால்வெட்டுகிறவனுக்கு மணிக்கட்டு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாதம் உளியைப் பிடிக்க முடியவில்லை. அந்த மூன்று மாதமும் அம்மாவின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடையில் இருந்தது. முப்பது வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை இது.

கல் ஏன் விழவில்லை, பஞ்சு ஏன் விழுந்தது? அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. “கெட்ட நேரம்” என்று அப்பா சொன்னதை நானும் நம்பினேன். பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும்தான் புரிந்துகொண்டேன். அதில் நேரத்தின் குற்றம் ஒன்றுமில்லை. சுமை எவ்வளவு கனம் என்பதை மட்டும் பார்த்தோம். அது எங்கே உட்காருகிறது, எவ்வளவு அகலம் என்பதைப் பார்க்கவில்லை.

முதலில் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ஹோண்டா கம்பெனி இந்த வகை வண்டியை ஜப்பானில் 1958இல் வெளியிட்டது. சோபா என்னும் நூடல் விற்கும் கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் எண்ணமாம். அதனால்தான் இடது கையில் கிளட்ச் பிடி இல்லை. ஆக, இது பிறக்கும்போதே சுமை தூக்கப் பிறந்த வண்டி. 2017இல் இந்த வரிசையில் செய்த வண்டிகளின் எண்ணிக்கை பத்துக் கோடியை எட்டியது. ஆனால் அந்தப் பையன் தூக்கியது நூடல் தட்டு, வீட்டு மெத்தையை அல்ல!

இன்றைய கப்சாயின் எடை ஏறத்தாழ நூறு கிலோ. அதில் ஓர் ஆளும் அரை ஆள் எடைச் சாமானும் ஏறினால், வண்டியை விடச் சுமை அதிகமாகிவிடும். ஆகவே எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம்.

காண்டாக் கம்பில் வாளி தூக்கியவர்களுக்கு இது உடனே விளங்கும். இரண்டு வாளியும் சமமாக இருந்தால் தோள் தாங்கும், நடையும் நேராக இருக்கும். ஒன்று நிறைய, ஒன்று பாதி என்றால் நாலு அடி வைப்பதற்குள் உடம்பு கோணிக்கொள்ளும். வண்டியின் இரண்டு பக்கமும் அப்படித்தான். முன்னும் பின்னும் கூட அப்படித்தான். பின் சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் கனத்தை வைத்தால், அது நெம்புகோல் மாதிரி முன் சக்கரத்தைத் தூக்கும். முன் சக்கரம் இலேசானால் கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி சரியாகத் திரும்பாது, முன் பிரேக்கும் பிடிக்காது. அம்மி இருந்தது ஓர் ஆள் உட்காரும் இடத்தில், தாழ்வாக, ஓட்டுபவரின் முதுகோடு ஒட்டி. பின்னால் என் அக்கா உட்கார்ந்திருந்தால் அதை விடக் கனம் இருந்திருக்கும். வண்டி அதற்கென்றே செய்யப்பட்டது.

மெத்தையின் கதை வேறு. அதற்கு எதிரி காற்று. நாலரை அடி அகலம், மூன்றடி உயரம் உள்ள தட்டையான பொருளை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்கு நேராக நிறுத்தினால், சுமார் 16 கிலோ எடை அதைப் பின்னால் தள்ளுவதற்குச் சமம். 80 கிலோமீட்டரில் அது 40 கிலோவைத் தொடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளு நான்கு மடங்கு ஆகும் என்பது கணக்கு. இது நேரே வரும் காற்று. பக்கத்தில் பெரிய லோரி போனால் காற்று பக்கவாட்டில் அடிக்கும். பாய்மரம் கட்டிய ஓடம் போல வண்டி அதன் போக்குக்குப் போகும். தகரம், பிளைவுட் பலகை, பெரிய காலி அட்டைப்பெட்டி எல்லாம் இந்தச் சாதிதான். அதிலும் தகரம் கத்தி மாதிரி. சரிந்தால் எதிரே வருகிறவரின் கழுத்தைப் பார்க்கும். அதை மோட்டார் சைக்கிளில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

இனி நீரான சுமை. கித்தாப் பால் ஒரு காலன் ஏறத்தாழ பத்து ராத்தல், அதாவது நாலரைக் கிலோ. இரண்டு பக்கமும் நாலு நாலு காலன் என்றால் மொத்தம் முப்பத்தாறு கிலோ. நிறைந்த தோம்பு நல்ல பிள்ளை, ஒரே இடத்தில் இருக்கும். பாதித் தோம்புதான் போக்கிரி. பிரேக் பிடித்தால் உள்ளே இருப்பது முன்னால் ஓடும், வளைவில் வெளிப்பக்கம் ஓடும். தலையில் தண்ணீர்க் குடம் சுமந்த நம் பாட்டிமார் தளும்பாமல் இருக்க ஒரு கொத்து இலையை மிதக்க விடுவார்கள். பாலில் இலை போட்டால் பால் கெட்டுப் போகும். ஆகவே இரண்டு பாதித் தோம்புகளைக் கொண்டு போவதை விட, சின்னத் தோம்பு இரண்டை நிரப்பி, மூடியை இறுக்கி, பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கவிடுவது மேல்.

செம்பனைத் தோட்டத்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. வளர்ந்த மரத்துக் குலை ஒன்று 20 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். இரண்டு பக்கமும் கூடை கட்டி ஏற்றும்போது, ஒரு பக்கம் நிரப்பிவிட்டு மறு பக்கம் போகாதீர்கள். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று மாற்றி மாற்றி வையுங்கள். இறக்கும்போதும் அதே முறைதான். குலையை விட ஆபத்து அரிவாள். நீண்ட கழியில் மாட்டிய அரிவாளை அப்படியே தூக்கிக்கொண்டு வண்டியில் போவதைப் பல இடங்களில் பார்க்கிறோம். அரிவாளைக் கழற்றி, பழைய டயர்த் துண்டிலோ ரப்பர்க் குழாயிலோ உறை போட்டுத் தனியாகக் கட்டுங்கள். கழியை வண்டியின் நீளவாக்கில் கட்டி, பின் நுனியில் சிவப்புத் துணி சுற்றுங்கள். உறை போட ஐந்து நிமிடம் ஆகும். போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

கட்டுவதும் ஒரு கைத்தொழில்தான். நம்மவர்களுக்குப் பழைய சைக்கிள் டியூப்பை வாராக வெட்டிக் கட்டுவது பழக்கம். டியூப் வார் நல்லதுதான், ஆனால் அது இழுபடும். மேட்டிலும் பள்ளத்திலும் குதிக்கும்போது சுமையும் சேர்ந்து குதிக்கும். ஆகவே கனமான சாமானுக்கு முதலில் கயிறு, அதன் மேல் டியூப் வார். கயிறு சுமையைப் பிடிக்கும், வார் கயிற்றைத் தளராமல் பிடிக்கும். முடிச்சின் வால் சக்கரத்திலோ சங்கிலியிலோ மாட்டாதபடி உள்ளே செருகுங்கள். புறப்பட்டு அரை கட்டை போனதும் ஒரு தரம் இறங்கி இழுத்துப் பாருங்கள். சாமான் தன் இடத்தில் உட்காருவது அந்த அரை கட்டையில்தான்.

புறப்படும் முன் டயரையும் பாருங்கள். சங்கிலி மூடியிலோ அதன் பக்கத்திலோ ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஒருவர் போனால் எவ்வளவு காற்று, இருவர் போனால் எவ்வளவு என்று அதில் இருக்கும். சுமை ஏற்றினால் இருவர் கணக்குக் காற்றை அடியுங்கள். பின் பக்கம் அமுங்கும்போது முன் விளக்கு மேலே பார்க்கும், எதிரே வருகிறவருக்குக் கண் கூசும். பின்னால் மூட்டை தொங்கினால் சிவப்பு விளக்கு மறையும். 1992இலிருந்து பகலிலும் மோட்டார் சைக்கிள் விளக்கைப் போட்டு ஓட்டச் சொல்லும் நாடு இது. விளக்கைப் போட்டுவிட்டு மூட்டையால் மறைப்பதில் என்ன பயன்? பிரேக் பிடித்தாலும் வண்டி வழக்கத்தை விடத் தள்ளித்தான் நிற்கும். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே இடைவெளியை இரண்டு மடங்கு ஆக்குங்கள்.

சரி, சுமை கனம், வழியோ மோசம், வேறு வண்டியும் இல்லை என்றால் என்ன செய்வது? ஒரு பழைய செய்தி சொல்கிறேன். 1954இல் வியட்நாமில் தியன் பியன் பூ என்னும் இடத்தில் பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் பெரிய போர் நடந்தது. மலைக்காட்டு வழியாக அரிசியும் தோட்டாவும் கொண்டு போனதில் சைக்கிள்களுக்கும் பெரிய பங்கு உண்டு. ஒரு சைக்கிளில் 200 கிலோவும் அதற்கு மேலும் ஏற்றினார்கள். எப்படி முடிந்தது? அவர்கள் சைக்கிளை ஓட்டவில்லை, தள்ளினார்கள். சுமையை இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிட்டு, கைப்பிடியில் நீண்ட கழியைக் கட்டி, பக்கத்தில் நடந்தே தள்ளிப் போனார்கள். போர்க்களத்திலேயே நடந்து போகப் பொறுமை இருந்தது. மழையில் வழுக்கும் செம்மண் மேட்டில் நாம் இறங்கித் தள்ளினால் என்ன குறைந்துவிடும்?

வெள்ளம் வரும்போது இன்னும் கவனம் தேவை. 2023 மார்ச்சில் பத்து பகாட் மாவட்டம் பட்ட பாடு யோங் பெங் வாசகர்களுக்கு மறந்திருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் மெத்தையையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு ஓடும் தண்ணீரில் வண்டியை இறக்காதீர்கள். அகலமான சாமான் மிதக்கப் பார்க்கும், வண்டியையும் ஆளையும் சேர்த்து இழுக்கும். பத்திரங்களையும் மருந்தையும் பிள்ளைகளையும் முதலில் கரை சேருங்கள். மெத்தை நனைந்தால் நனையட்டும்.

பிள்ளைகள் என்றதும் முக்கியமான ஒன்று ஞாபகம் வருகிறது. மூட்டை விழாமல் பிடித்துக்கொள்ள மகனையோ மகளையோ பின்னால் உட்கார வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மூட்டையைப் பிடிக்கிற பிள்ளையை யார் பிடிப்பது? 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி ஓட்டுபவரோடு ஒரே ஒருவர்தான் மோட்டார் சைக்கிளில் போகலாம். அந்த ஒருவரும் ஓட்டுபவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், சாமானை அல்ல. ஆள் போனால் சாமான் வேண்டாம், பெரிய சாமான் போனால் ஆள் வேண்டாம். நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இது பயமுறுத்தச் சொன்னதல்ல. நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் பற்றிய செய்தி என்பதால் சொல்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ வழக்கமான வழியில் விபத்து நடந்தால், 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சொக்சோவில் தொழிலாளி உதவி கேட்க இடம் உண்டு. போலீஸ் புகார்ச் சீட்டையும் ஆஸ்பத்திரித் தாளையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, கிராணியிடமோ சங்கத்துக்காரரிடமோ சொல்லத் தாமதிக்காதீர்கள். வண்டிக்கு எடுத்திருக்கும் மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் நீங்கள் இடித்தவருக்குத்தான் பணம் கொடுக்கும். விழுந்த உங்கள் கைக்குக் கொடுக்காது.

கடைசியாக லோரிக்கு வருவோம். அன்று எங்கள் லயத்தில் அதே மாதம் வீடு மாறியவர்கள் நாங்கள் மட்டுமல்ல. இன்னும் இரண்டு குடும்பங்களும் மாறின. மூவரும் சேர்ந்து ஒரு லோரி பிடித்திருந்தால் ஆளுக்குப் பத்து வெள்ளி. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒன்றாகக் கை கொடுக்கிறவர்கள் நாம். ஒரு லோரிக்குச் சேர்ந்து காசு போட மட்டும் ஏனோ தோன்றவில்லை. மெத்தை, அலமாரி, தகரம், கட்டில், கண்ணாடி, இந்த ஐந்தும் வாங்கும்போதே “வீட்டுக்கு அனுப்புவீர்களா?” என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இல்லையென்றால் யாருக்கெல்லாம் பட்டணத்திலிருந்து சாமான் வர வேண்டியிருக்கிறது என்று லயத்தில் விசாரித்து, ஒரே நடையாக ஏற்றுங்கள். அரிசியும் பருப்பும் கோழித்தீவனமும் கப்சாயில் வரட்டும். அது அதற்குத் தெரிந்த வேலை.

அந்த அம்மி இன்றும் தம்பி வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது. அம்மா இல்லை, அம்மியில் அரைப்பாரும் இல்லை. தீபாவளிக்கு மட்டும் கழுவிப் பொட்டு வைப்பார்கள். மழை வந்தால் தம்பிக்கு மணிக்கட்டு வலிக்கும். அப்போது அம்மியைப் பார்த்து, “உன்னைத்தான் பயந்து பயந்து கொண்டு வந்தேன்” என்று சொல்லிச் சிரிப்பான். அவன் பேரனுக்கு இப்போது பதினாறு நடக்கிறது, மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்கப் போகிறான். முதல் பாடமாகத் தாத்தா சொல்லிக் கொடுத்தது, இருக்கிற பொருளிலேயே எது இலேசோ அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பதுதான்.

உங்கள் வீட்டு வண்டி சுமந்த பெரிய சுமை எது? எப்படிக் கட்டினீர்கள், என்ன ஆயிற்று? எழுதி அனுப்புங்கள். மற்றவர்களுக்கும் பயன்படும். அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம்.